எல்லாருக்கும் உண்டு

சாலைக் கடைத்தெரு, திருவனந்தபுரம்
13.7.97, ஞாயிறு

கர்த்தருக்குள் பிரியமான எலிசாள் அக்காவுக்கு, தங்கை புஷ்பம் தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் இவுகளும் ஜெஸ்லினும் சுகம். உனக்காகவும், பம்பாயில் இருக்கிற அத்தானுக்காகவும் தினமும் ஜெபிக்கிறோம்.

உன் மகள் வந்து ஒன்றரை மாதத்தில் நன்றாக வளர்ந்துவிட்டாள். யூனிபாரப் பாவாடையின் மடிப்பை இதற்குள் ஒரு தரம் பிரித்துவிட்டேன். வந்த புதிதில் இந்த ஊர்ச் சிவப்பரிசிச் சோற்றைப் பார்த்து முகத்தைச் சுளித்தவள், இப்போது கஞ்சித் தண்ணியையும் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். மெஸ்ஸில் எனக்குக் காய் நறுக்குகிற வேலை மூன்று மணிக்கு முடிகிறது. நான் வந்து முகம் கழுவவும் அவள் வரவும் சரியாக இருக்கும். வந்ததும் பள்ளிக்கூடத்துக் கதை எல்லாம் சொல்வாள். தமிழ் டிவிஷனில் சேர்த்தது நல்லதாயிற்று. மலையாளமும் ஒரு பாடமாக இருக்கிறது. பஸ் போர்டைப் பார்த்து எனக்கே எழுத்துச் சொல்லித் தருகிறாள் என்றால் பார்த்துக்கொள்.

இவ்வளவு நல்ல சமாச்சாரம் எழுதிவிட்டு இதை எழுதக் கை வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்து, "சித்தி, இருபத்தஞ்சாம் தேதி ரெண்டு மணிக்கு வீட்டுலேர்ந்து ரக்ஷகர்த்தா வரணும்னு டீச்சர் சொன்னாங்க" என்றாள். பொறுப்பான ஆள் யாரோ அவர் வரவேண்டுமாம். எதற்கு என்று கேட்டால், "தெரியாது, எல்லாருக்கும் உண்டு" என்கிறாள். மாட்டிக்கொண்ட பிள்ளைகள் எல்லாம் அப்படித்தானே சொல்லும்?

நம் அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டார்கள். ஸ்டீபன் வாத்தியாருடைய சைக்கிளைக் கிணற்றில் தள்ளியபோது. அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற நிற்பு உனக்கு ஞாபகம் இருக்கும். இவள் என்ன செய்தாளோ! பக்கத்து வீட்டு நாச்சியாரிடம் கேட்கலாம் என்றால், "ஏன், உங்க பிள்ளை என்ன பண்ணினா?" என்பாள். நான் உப்பு வாங்கிவிட்டு வருவதற்குள் கடைத்தெரு முழுக்கப் பேச்சாகிவிடும். இவுகளும் யாரிடமும் மூச்சு விடாதே என்கிறார்கள்.

எனக்குப் பிள்ளை வளர்த்துப் பழக்கமில்லை. நான் என்ன செய்ய வேண்டும் என்று உடனே எழுது.

உன் தங்கை,
ஞானபுஷ்பம்


நடுவிளை, திசையன்விளை வழி
17.7.97

அன்புள்ள புஷ்பத்துக்கு அக்கா எழுதுவது. உன் கடிதத்தைச் சத்துணவுக் கூடத்தில் வைத்துப் படித்தேன். படித்து முடிப்பதற்குள் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. பிள்ளைகள் அதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போயின.

கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது. எங்கள் ஹெட்மாஸ்டர் தாணுமாலயன் சார் போன மாதம் ஒருத்தியைக் கூப்பிட்டார். அவள் பையன் சத்துணவு முட்டையை ஜேபியில் போட்டுக் கொண்டுபோய்க் கடையில் விற்றிருக்கிறான். அதற்கு முன்னால் கூப்பிட்டது கல்லெறிந்து மண்டையை உடைத்ததற்கு. இத்தனை வருஷத்தில், "உன் பிள்ளை நல்ல பிள்ளை" என்று சொல்ல யாரையும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

நீ அங்கே போவதற்கு முன்னாலேயே விஷயத்தைக் கறந்துவிடு. ஒன்றும் தெரியாமல் டீச்சர் முன்னால் போய் முழித்துக்கொண்டு நிற்காதே. செய்த தப்பு என்னவென்று தெரிந்தால் காலில் விழுந்தாவது சரிசெய்யலாம். பெறாத பிள்ளை, நாம் கை வைக்கலாமா என்று யோசிக்காதே. இரண்டு வைத்தால் சொல்லிவிடுவாள்.

அவள் பெரியப்பா தினமும் வாசலில் வந்து நின்று, "டவுனுக்கு அனுப்பின பிள்ளை எந்த லட்சணத்துல இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார். ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தோடு முடிந்தபோதே அவர் அவளுக்குப் பீடி சுற்றத் தட்டு வாங்கி வைத்துவிட்டார். உன் வீடு ஒன்று இருந்ததால்தான் அவளை அந்தத் தட்டிலிருந்து தூக்கி அங்கே வைத்தேன். பள்ளிக்கூடத்தில் பேர் கெட்டது என்று அவர் காதில் விழுந்தால் அப்புறம் என்னால் ஒன்றும் பேச முடியாது. பார்த்து நடந்துகொள் புஷ்பம்.

எலிசாள்


சாலை
27.7.97, ஞாயிறு

பிரியமான அக்காவுக்கு, கர்த்தர் பெரிய வெட்கத்திலிருந்து காப்பாற்றினார் என்று சொல்வதா, வெட்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார் என்று சொல்வதா என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அன்றைக்கும் மறுநாளும் நயமாகக் கேட்டுப் பார்த்தேன். எல்லாருக்கும் உண்டு, எல்லாருக்கும் உண்டு என்று அதையே சொன்னாள். புதன்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் அகப்பை கிடந்தது. அதை எடுத்து முட்டிக்குக் கீழே வைத்தேன். என்ன செய்தே, என்ன செய்தே என்று கேட்டுக்கொண்டே வைத்தேன். கடைசியில், "பேனா எடுத்தேன் சித்தி" என்றாள். யார் பேனா? பக்கத்தில் உட்காரும் ஆஷாவின் தங்கமூடிப் பேனாவாம். ஸ்ரீவராகத்தில் வீடு, அப்பாவுக்கு ஆபீஸ் வேலை. பேனா எங்கே என்றால், தொலைத்துவிட்டாளாம். இவுக அன்றைக்கே கடைத்தெருவில் தேடி அதே மாதிரி ஒரு பேனா வாங்கிவந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் அரைநாள் லீவு சொன்னேன். முதலாளியம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மரியாதையாக இருக்கட்டும் என்று கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். போனால் வகுப்பு நிறைய ஆட்கள்! அம்மாக்கள், அப்பாக்கள், குடையோடு, கைக்குழந்தையோடு. இத்தனை பிள்ளைகளும் திருடியிருக்கின்றனவா, என்ன பள்ளிக்கூடம் இது என்று நினைத்தேன் அக்கா. சிரிக்காதே, சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

டீச்சர் நாகலக்ஷ்மி ஒவ்வொரு பிள்ளையின் பேராகக் கூப்பிட்டார்கள். ஜெஸ்லின் பேரைச் சொன்னதும் அவர்கள் வாயைத் திறக்குமுன் நான் பேனாவை மேஜைமேல் வைத்து, "எங்க பிள்ளை தெரியாம எடுத்திருச்சு டீச்சர், இந்த ஒரு தடவை மன்னிச்சிருங்க, பேரை வெட்டிராதீங்க" என்று கும்பிட்டேன். ஆஷாவின் அம்மா எழுந்து, "போன வாரம் பேனாவைக் காணோம்னு ஆஷா ரெண்டு நாள் அழுதாள். இதானா விஷயம்!" என்று சொல்லிப் பேனாவை எடுத்துக்கொண்டார்கள்.

டீச்சர் என்னையே பார்த்துவிட்டு, "யாரும்மா உங்களை இப்படிப் பயமுறுத்தினது? பரீட்சை முடிஞ்சா மார்க்கைக் காட்டறதுக்கு எல்லாரையும் கூப்பிடறது வழக்கம். உங்க பொண்ணு கணக்கிலே கிளாஸ்ல ரெண்டாவது" என்றார்கள். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் உண்டு என்று அவள் சொன்னது நிஜம்தான்.

ஆனாலும் பேனா எடுத்தது எடுத்ததுதானே? அது தெரியாமலே போயிருக்கும், நாம் கேட்டதால் தெரிந்தது. அப்படி நினைத்துத்தான் மனசை ஆற்றிக்கொள்கிறேன். பிள்ளைகள் வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தன. ஜெஸ்லின் வீடு வரும்வரை எனக்கு நாலடி முன்னால் தனியாக நடந்தாள்.

புஷ்பம்


நடுவிளை
31.7.97

புஷ்பத்துக்கு,

என் மகள் பேனா எடுக்கவில்லை.

நீ கேட்ட கேள்வியே தப்பு. "செய்தாயா" என்று கேட்டால் இல்லை என்பாள். "என்ன செய்தாய்" என்று கேட்டு அடித்தால் ஏதாவது ஒன்றைச் சொல்லித்தானே ஆகவேண்டும்? அவளுக்கு ஏழு வயதில் சாமுவேல் மாமா வீட்டுக் கோழியைக் காணோம். நான் விளக்குமாற்றை எடுத்ததும், கல்லால் அடித்துக் கொன்று ஓடையில் போட்டேன் என்றாள். எந்தக் கல், எந்த இடம் என்று கூடக் காட்டினாள். மூன்றாம் நாள் அந்தக் கோழி வைக்கோல் போரிலிருந்து குஞ்சுகளோடு இறங்கி வந்தது. அடி விழுந்தால் அவள் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் ஒத்துக்கொள்வாள். ஆஷா பேனாவைக் காணோம் என்று அழுததை இவள் பார்த்திருக்கிறாள். உனக்கு ஒரு தப்பு வேண்டியிருந்தது, அதை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

சரி, உன்னிடம் சொன்னாள். அதை ஊர்கூட்டிச் சொல்ல வேண்டுமா? டீச்சர் பேச ஆரம்பிக்கும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லையா? பெற்றவளுக்குத்தான் தெரியும் என்பது சும்மா இல்லை. உனக்கு எங்கே தெரியப்போகிறது.

எலிசாள்


சாலை
6.8.97

அக்காவுக்கு,

உன் கடிதத்தை இவுகளிடம் காட்டவில்லை. கடைசி வரியை மட்டும் மறைத்துக்கொண்டு படித்துக் காட்டினேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக அந்த வார்த்தையை யார் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நீ சொல்வாய் என்று நினைக்கவில்லை. பெறாத பிள்ளை என்று யோசிக்காதே, இரண்டு வை என்று எழுதியதும் நீதான். கை என்னுடையது, யோசனை யாருடையது?

சண்டையைத் தள்ளி வை. பிள்ளை விஷயம் மோசமாக இருக்கிறது. வகுப்பில் அவள் பெஞ்சுப் பக்கம் போனால் எல்லாரும் பேனாப் பெட்டியை மூடிக்கொள்கிறார்களாம். சொல்லி வைத்ததுபோல் டப் டப் என்று மூடுவார்களாம். ஆஷா இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் இவள் சோற்று டப்பாவைக் கொண்டுபோய்த் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்று தின்கிறாள். இது எதையும் அவள் வாயால் சொல்லவில்லை. திங்கட்கிழமை இவுக வேலை பார்க்கிற இரும்புக் கடையில் ஆணிச் சாக்குகளுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறதே என்று பார்த்திருக்கிறார்கள். யூனிபாரத்தோடு இவள். காலையிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறாள். பள்ளிக்கூடம் போகலை என்றால் சித்தி அடிப்பாள், போனால் அவர்கள் பெட்டியை மூடுவார்கள், அதனால் இங்கே இருக்கிறேன் என்றாளாம்.

அன்று சாயங்காலம் மடியில் உட்கார்த்திவைத்து, பேனா எடுத்தாயாம்மா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். "அப்ப ஏன் எடுத்தேன்னு சொன்னே?" என்றேன். "அடிக்கும்போது ஒண்ணு சொல்லணும்லா சித்தி" என்றாள்.

அக்கா, நான் அழுத அழுகையைப் பார்த்து அவள்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இப்போது பள்ளிக்கூடக் கதை எதுவும் என்னிடம் சொல்வதில்லை. பை, செருப்பு, புத்தகம் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிற சத்தம்தான் இல்லை. என்ன செய்வது என்று சொல். திட்டியாவது எழுது.

புஷ்பம்


நடுவிளை
10.8.97

புஷ்பத்துக்கு,

எழுதியது நான், அடித்தது நீ. அதைப் பங்குபோட இப்போது நேரமில்லை.

ஓணத்துக்குப் பள்ளிக்கூடம் மூடும்போது நான் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். டி.சி. எழுதி வாங்கிவை. குழாயடியில் நின்று தின்பதற்கு என் பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றட்டும். அவள் பெரியப்பா சிரிப்பார், சிரிக்கட்டும். திருட்டுப் பட்டத்தோடு அவளை அங்கே விட்டுவைக்க என்னால் முடியாது.

அதுவரை அவள்மேல் கைவைக்காதே.

எலிசாள்


சாலை
24.8.97, ஞாயிறு

அக்காவுக்கு, உன் காலைப் பிடித்துக் கேட்பதாக நினைத்துப் படி.

டி.சி. கேட்கத்தான் போனேன். பள்ளிக்கூடத்தில் வைத்துக் கேட்கத் தைரியம் வராமல் நேற்று வலியசாலையில் நாகலக்ஷ்மி டீச்சர் வீட்டுக்கே போய்விட்டேன். கோழிக் கதை, அகப்பை, உன் கடிதம், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். டீச்சர் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். "நான் அன்னிக்கே உங்க ஆத்துக்கு ஆள் அனுப்பி விசாரிச்சிருக்கணும். திங்கட்கிழமை கிளாஸ்ல சொல்லிடறேன், நீங்க கவலைப்படாதீங்கோ" என்றார்கள்.

எனக்கு அது போதாது என்று பட்டது. நான் சொன்னது பிள்ளைகளிடம் இல்லையே, பெரியவர்களிடம்தானே சொன்னேன்? அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும், அவளோடு சேராதே என்று சொல்கிற பெரியவர்கள் அப்படியேதானே இருப்பார்கள்? அடுத்த மீட்டிங் எப்போது என்று கேட்டேன். ஓணப் பரீட்சை மார்க்கு வந்த பிறகு, செப்டம்பர் இருபத்தாறு. "எனக்கு ரெண்டு நிமிஷம் கொடுங்க டீச்சர், நான் எழுந்து சொல்றேன்" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. நாலு பேர் முன்னால் நின்று நான் பேசியது வாழ்க்கையில் ஒரே தடவை, அதன் கோலம் உனக்கே தெரியும்.

ஓணத்துக்கு வராதே அக்கா. இருபத்தாறு முடியட்டும். இப்போது கூட்டிக்கொண்டு போனால் திருடினதால்தான் போய்விட்டாள் என்று ஆகிவிடும். கணக்கில் ரெண்டாவது வந்த பிள்ளை அக்கா அது. உன் பிள்ளையை எனக்குக் கொடு என்று கேட்கவில்லை. நான் உடைத்ததை ஒட்டவைக்க ஒரு மாதம் கேட்கிறேன்.

புஷ்பம்


சாலை
28.9.97, ஞாயிறு

அக்காவுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஓண லீவு முழுக்கத் தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் நீதான் என்று எட்டிப் பார்த்தேன். நீ வரவில்லை. நான் கேட்டதற்காக வரவில்லையா, கோபத்தில் வரவில்லையா என்றும் தெரியவில்லை. மீட்டிங்குக்காவது வருவாய் என்று வாசலுக்குப் பக்கத்து பெஞ்சில் இடம்போட்டு வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை போனேன். மீட்டிங் இருக்கிறது என்று ஜெஸ்லின் என்னிடம் சொல்லவே இல்லை. டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தேதி தெரியும். என்னை வராந்தாவில் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. ஓடிவந்து, "நான் ஒண்ணும் பண்ணலை சித்தி" என்றாள். அந்த வார்த்தையிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

மலையாளத்தில் பேசலாம் என்று இவுகளை வைத்து நாலு நாள் பழகியிருந்தேன். எழுந்து நின்றதும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. நம் ஊர்த் தமிழில்தான் வந்தது. "போன தடவை நான் இங்க நின்னு எங்க பிள்ளை பேனா எடுத்துட்டான்னு சொன்னேன். அது நிஜமில்லை. அவ எடுக்கலை. எங்க ஊர்ல பள்ளிக்கூடத்துல கூப்பிட்டா பிள்ளை தப்புப் பண்ணியிருக்குன்னுதான் அர்த்தம். அதை நெனச்சு நான் அடிச்சேன். அடி தாங்காம அவ சொன்னா. தப்பு பண்ணினது நான். உங்க பிள்ளைங்ககிட்ட தயவுசெய்து சொல்லுங்க, அவ பக்கத்துல உக்காரச் சொல்லுங்க." இவ்வளவுதான் சொன்னேன். சொல்லி முடித்தபோது சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

எல்லாரும் கண்ணீர் விட்டார்கள் என்று எழுத ஆசைதான். அப்படியெல்லாம் இல்லை. ஒரு அப்பா வாட்சைப் பார்த்தார். ஆஷாவின் அம்மா, "அப்போ பேனா எங்கே போச்சு?" என்றார்கள். "எனக்குத் தெரியாதும்மா. எங்க பிள்ளைக்கும் தெரியாது" என்றேன். டீச்சர், "அது தொலைஞ்சுபோச்சு. தொலைஞ்சுபோன சாமானுக்கெல்லாம் ஒரு கள்ளனைத் தேட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்கள்.

காற்று வாங்கலாம் என்று வெளியே வந்தேன், படியில் ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். மாடம்மாள் என்று பெயர், வள்ளியூர்ப் பக்கம், கட்டட வேலை. அவள் மகள் இசக்கிசெல்வியும் அதே வகுப்பு. உள்ளே வராமல் வெளியிலேயே நின்று நான் பேசியதைக் கேட்டிருக்கிறாள். "ஒண்ணும் பண்ணாட்டாலும் கூப்பிடுவாங்களாக்கா? நான் ஒவ்வொரு தடவையும் பயந்து வேலைக்குப் போயிருவேன். எம்மவளையும் நெறைய அடிச்சிருக்கேன்" என்றாள். அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய் என் பக்கத்தில் உட்காரவைத்தேன். தேங்காய் துருவும்போது இப்போதும் என் கை நின்றுபோகிறது அக்கா, அவளிடம் அதைச் சொல்லவில்லை.

வரும்போது ஜெஸ்லின் கிழக்கேகோட்டை வரைக்கும் தள்ளியே நடந்தாள். சாலைக் கடைத்தெருக் கூட்டத்துக்குள் நுழைந்ததும் வந்த புதிதில் பிடித்த மாதிரி என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். அது கூட்டத்துக்குப் பயந்தா, வேறெதற்காகவுமா என்று நான் கேட்கவில்லை.

டி.சி. வாங்கவில்லை. நீ வந்து கேட்டால் கொடுப்பார்கள். என் வேலையை முடித்துவிட்டேன். இனி உன் இஷ்டம்.

புஷ்பம்


நடுவிளை
4.10.97

அன்புள்ள புஷ்பத்துக்கு அக்கா எழுதுவது.

ஓணத்துக்கு நான் கிளம்பினேன். அவளுக்கு மாற்றுத்துணிகூடப் பையில் வைத்துக்கொண்டேன். நாகர்கோவில் வடசேரியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன். அங்கே நின்றுகொண்டு, அவளிடம் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்துப் பார்த்தேன். நீ ஒன்றும் செய்யவில்லை, ஆனாலும் வா, வந்து பீடி சுற்று என்பதா? ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். பாதி வழி வந்து திரும்பியதை உனக்கு எழுத வெட்கமாக இருந்தது. அதனால்தான் எழுதவில்லை, கோபம் கொஞ்சம்தான்.

கூட்டத்தில் நீ பேசியதை நாலு தடவை படித்தேன். நானாக இருந்தால் எழுந்திருக்க மாட்டேன். இங்கே என்னைப் பார்த்தால் எல்லாரும் வாயாடி என்பார்கள், உனக்குத் தெரியும். இருந்தும் சொல்கிறேன்.

கிறிஸ்மஸுக்கு அவளை அனுப்பு. திரும்பி வருவதா வேண்டாமா என்பதை அவளிடமே கேட்கிறேன். அதுவரை டி.சி. பேச்சு வேண்டாம்.

எலிசாள்


சாலை
23.12.97

பிரியமான அக்காவுக்கு, ஜெஸ்லினை உன்னிடம் விட்டுவிட்டு இவுக பத்திரமாக வந்துசேர்ந்தார்கள். கேக் நசுங்காமல் வந்ததா?

அவள் ஒன்றையும் விட்டுவிட்டுப் போகவில்லை அக்கா. துணி, புத்தகம், கடைசியில் சோப்பு டப்பா வரைக்கும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். லீவுக்குப் போகிற பிள்ளை சோப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு போகுமா? கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. இப்போது ஆஷா மறுபடியும் பக்கத்தில் உட்காருகிறாள். இசக்கிசெல்வியும் இவளும் ஒரே டப்பாவில் தின்கிறார்கள். இரண்டு பேர் மட்டும் இன்னும் பெட்டியை மூடுகிறார்களாம். இதெல்லாம் டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் மரியாதையாக இருக்கிறாள், அவ்வளவுதான்.

அவளிடம் நீ கேட்கும்போது எனக்காக எதையும் சேர்த்துச் சொல்லாதே. அவள் வரமாட்டேன் என்றால், வரமாட்டேன் என்றே எழுது. நான் தாங்கிக்கொள்வேன். பண்டிகை வாழ்த்துகள்.

புஷ்பம்


நடுவிளை
29.12.97

கர்த்தருக்குள் பிரியமான தங்கை ஞானபுஷ்பத்துக்கு, அக்காவும் ஜெஸ்லினும் சொல்லுகிற தோத்திரம். கேக் ஒரு ஓரம் நசுங்கியிருந்தது. நசுங்கினதை நான் தின்றேன்.

பண்டிகை முடியும்வரை அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் பெரியப்பா வந்து, "என்ன, டவுன் படிப்பு போதுமா?" என்று சிரித்தார். இவள் அவரிடம் ஒரு வட்டிக்கணக்கு போட்டுக் காட்டி, சரியா என்று கேட்டாள். மனுஷன் எழுந்து போய்விட்டார்.

நேற்று பாத்திரம் கழுவும்போது அவளே, "ஒன்பதாம் தேதி பள்ளிக்கூடத்துல மீட்டிங் இருக்கும்மா" என்றாள். இத்தனைக்குப் பிறகும் எனக்கு அந்தப் பழைய பயம் வந்தது. வாயை அடக்கிக்கொண்டு, "எதுக்கு?" என்று மட்டும் கேட்டேன். "மார்க்குக் காட்டத்தான். எல்லாருக்கும் உண்டு" என்றாள்.

ஹெட்மாஸ்டரிடம் லீவு சொல்லிவிட்டு நான் வரட்டுமா என்று கேட்டேன். பெற்றவள் ஒரு தடவையாவது அங்கே போய் உட்காரவேண்டாமா என்று ஆசை. அவள் கழுவின தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "நீ அப்புறம் வாம்மா. இந்தத் தடவை சித்தி வரட்டும். சித்திக்கு அங்க எல்லாரையும் தெரியும்" என்றாள்.

நான் அழுதேன், அவளுக்குத் தெரியாமல் அடுப்படிக்குப் போய் அழுதேன். வருத்தமா சந்தோஷமா என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. பெற்றவளுக்குத்தான் தெரியும் என்று உனக்கு எழுதினேனே, அந்தக் கடிதம் இன்னும் இருந்தால் அடுப்பில் போட்டுவிடு.

சோப்பு டப்பா விஷயத்தையும் கேட்டேன். இங்கே உள்ள சோப்பு நுரைக்காதாம், அதனால் எடுத்துவந்தாளாம். நீ அதற்கு ஒரு வாரம் தூங்காமல் இருந்திருப்பாய், எனக்குத் தெரியாதா.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நானே கூட்டிவருகிறேன். தம்பானூர் ஸ்டாண்டில் வந்து நில். ஒரு நாள் உன்னோடு இருந்துவிட்டுத் திரும்பிவிடுவேன். ஒன்பதாம் தேதி அரைநாளுக்கு மெஸ்ஸில் இப்போதே சொல்லிவை. கல்யாணச் சேலையெல்லாம் வேண்டாம் புஷ்பம், எல்லாரையும் போல சாதாரணச் சேலையே கட்டிக்கொண்டு போ.

உன் அக்கா,
எலிசாள்